முழுநேரத் தொழிற்சங்கப் பணிக்குச் சட்டப் பட்டம் தேவையா?

கேள்வி: நான் வேலை செய்யும் இடத்தில் தொழிற்சங்கக் கிளைப் பிரதிநிதியாக இருக்கிறேன். இதையே முழுநேரப் பணியாக ஏற்க விரும்புகிறேன். அதற்குச் சட்டப் பட்டம் அவசியமா?

பதில்: பொதுவாக அவசியமில்லை. சட்டப் படிப்பு நிச்சயம் உதவும். ஆனால், சக தொழிலாளியின் குறையைப் பொறுமையாகக் கேட்டு, சம்பளச் சீட்டையும் பணி ஆணையையும் சரிபார்த்து, அதை நிர்வாகம் மறுக்க முடியாத கோரிக்கையாக எழுத்தில் வடிக்கும் திறமையே இப்பணிக்கு அடிப்படை. அந்தப் பயிற்சி கிளைப் பிரதிநிதியான உங்களுக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பதே என் கருத்து.

உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டங்களுடன், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இரண்டு உடன்படிக்கைகளையும் ஊன்றிப் படியுங்கள். சங்கம் அமைக்கும் உரிமையைக் கூறும் 87ஆம் உடன்படிக்கை 1948இலும், தொழிலாளர்கள் சங்கத்தின் மூலம் ஒன்றாக நிர்வாகத்துடன் பேரம் பேசும் கூட்டுப் பேர உரிமையைக் கூறும் 98ஆம் உடன்படிக்கை 1949இலும் ஏற்கப்பட்டன. நிறுவனத்தின் வரவுசெலவு அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளவும் கற்றுக்கொள்ளுங்கள். ஊதியப் பேச்சுவார்த்தையில் 'நிதி இல்லை' என்ற பதில் வரும்போது, அந்த அறிவு இல்லாதவர் வாயடைத்து நிற்க நேரிடும்.

முழுநேரப் பணிக்கு இரண்டு வழிகள் உண்டு. சங்கத் தேர்தலில் வென்று வரும் பொறுப்பாளர் உறுப்பினர்களின் வாக்கை நம்பியிருப்பவர். நியமிக்கப்படும் அலுவலர் சங்கத்தின் ஊழியர். இவற்றில் எது உங்களுக்கு ஏற்றது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். மாலை நேரக் கூட்டங்களும் விடுமுறை நாள் அழைப்புகளும் இரண்டிலுமே உண்டு என்பதால், குடும்பத்தாரிடம் முன்னதாகவே பேசிவிடுவது நல்லது. அடுத்த பேச்சுவார்த்தைக் குழுவில் குறிப்பெடுப்பவராகவாவது உங்களைச் சேர்க்குமாறு சங்கச் செயலாளரிடம் இப்போதே கேளுங்கள்.