வீட்டுச் சண்டையால் வாடும் பிள்ளையைப் பள்ளி கவுன்சிலிங்குக்கு அனுப்பலாமா?

உங்கள் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், வீட்டில் அப்பா அம்மாவுக்கு ஓயாத சண்டை, பள்ளியில் கவுன்சிலிங்குக்கு வரச் சொல்கிறார்கள், வீட்டு விஷயம் வெளியே போய்விடும் என்று அக்கா தடுக்கிறார், தாய்மாமனாக நான் என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்பி வையுங்கள். நான் தமிழ்நாட்டில் பள்ளி ஆலோசகராக வேலை பார்ப்பவள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தாலே அக்காவின் பயம் குறையும்.

எடுத்த எடுப்பில் வீட்டுக் கதையைக் கிண்ட மாட்டோம். ராத்திரி தூங்கினாயா, காலையில் சாப்பிட்டாயா, எந்தப் பாடவேளையில் மனசு எங்கேயோ போகிறது என்று பேச்சு மெதுவாகப் போகும். இந்த வயசுப் பிள்ளைகள் கஷ்டத்தை நேராகச் சொல்வது குறைவு. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்பார்கள். பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்குக் கிளம்ப மனசில்லாமல் நிற்பார்கள்.

நான் பார்த்தவரை, சண்டைச் சத்தத்தைவிடப் பிள்ளையை அதிகம் வதைப்பது அவளை நடுவில் நிறுத்துவதுதான். "உங்கப்பாகிட்ட சொல்லிடு", "நீயே சொல்லு, யார் மேல தப்பு?" என்று இரண்டு பக்கமும் இழுப்பார்கள். தூது போவதும் தீர்ப்புச் சொல்வதும் அவள் வேலையாகிவிடும். அதோடு, சண்டை பெரும்பாலும் ஃபீஸிலோ மார்க்கிலோ செல்போனிலோ ஆரம்பிப்பதால், எல்லாம் தன்னால்தான் என்று முடிவு கட்டிவிடுவாள். அந்த நினைப்பைக் கழற்றுவதுதான் எங்கள் முதல் வேலை. அப்புறம், சண்டை தொடங்கினால் எங்கே போய் உட்காருவது, யாருக்கு போன் செய்வது, "என்னைக் கேக்காதீங்க, நீங்களே பேசிக்கோங்க" என்று எப்படிச் சொல்வது என்று சேர்ந்து யோசிப்போம். பெற்றோர் சண்டையைத் தீர்த்து வைக்கும் பஞ்சாயத்து இது இல்லை. அவர்களைக் கூப்பிடுவதாக இருந்தாலும் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் கூப்பிடுவோம்.

சரி, வெளியே போகுமா? அவள் சொன்னதை வகுப்பு ஆசிரியரிடம்கூடச் சொல்லக் கூடாது என்பதுதான் இந்த வேலையின் ஒழுங்கு. ஆனால் அவள் உயிருக்கு ஆபத்து, வீட்டில் அடி, பாலியல் தொல்லை என்று தெரிந்தால் மறைக்க முடியாது. பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். இதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

உங்கள் அக்கா பெண்ணுக்கு ஆலோசகர் கிடைத்திருப்பதே பெரிய விஷயம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியான ஓர் ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. பல பள்ளிகளில் இன்னும் ஆள் இல்லை. அப்படிப்பட்ட இடத்துப் பிள்ளைகளுக்கு மாணவர் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, மனநலத்துக்கான டெலி மானஸ் 14416 இருக்கின்றன. பள்ளியில் ஆலோசகர் இருந்தாலும் இந்த எண்களை அவள் நோட்டில் எழுதிக் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு நாங்கள் பக்கத்தில் இருக்க மாட்டோம். சாகணும் என்று ஒருமுறை சொன்னாலும் விளையாட்டாக எடுக்காமல், அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அக்காவுக்கு அடி விழுகிறது என்றால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

அக்காவிடம் பேசும்போது யார் சரி, யார் தப்பு என்று போகாதீர்கள். பிள்ளையின் தூக்கமும் படிப்பும் கெடுகிறது, அதற்கு மட்டும் போகட்டும் என்று கேளுங்கள். தாய்மாமன் சொன்னால் எடுபடும். அவள் போய்வந்த பிறகு "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன?" என்று யாரும் துருவக் கூடாது, அப்படித் துருவினால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டாள். உங்கள் வீடு பக்கத்தில்தான் என்றால் பரீட்சை நாட்களில் அங்கே வந்து படிக்கச் சொல்லுங்கள். அதை இந்த வாரமே ஆரம்பிக்கலாம், கவுன்சிலிங் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.