வாலியோடு நிறுத்திக்கொள்ளலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் பகுத்தறிவுக் கொள்கையில் ஊறிய குடும்பத்தில் பிறந்தவன். கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று 1940களில் மேடையேறிப் பேசியவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். எனக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை. 68 வயதுக்கு மேல் இனி அது வரப்போவதும் இல்லை. பணி ஓய்வுக்குப் பின், நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால், எங்கள் ஊரில் வாரந்தோறும் நடைபெறும் கம்பராமாயண வகுப்புக்குச் சென்றுவருகிறேன். பரதனைக் குகன் காணும் இடத்தில் கண் கலங்கிவிட்டது. அன்று முதல் தந்தையாருக்குத் துரோகம் செய்துவிட்டது போன்ற உறுத்தல். “கருத்தை விட்டுவிட்டுக் கவிதையை மட்டும் எடுத்துக்கொள், அன்னம் நீரை ஒதுக்கிப் பாலை உண்பதில்லையா?” என்கிறார் நண்பர். அப்படிப் பிரித்துப் படிக்க இயலுமா?

– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்

பதில்: கண் கலங்கியதற்காகத் தாங்கள் எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தங்கள் நண்பர் காட்டும் அன்னத்தின் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. பாலும் நீரும் வெவ்வேறாக இருந்து பின்னர் கலந்தவை என்றால் பிரிக்கலாம். நல்ல காவியத்தில் அவை அவ்வாறு கலந்திருப்பதில்லை.

தங்கள் வகுப்பு இன்னும் கிட்கிந்தா காண்டத்தைத் தொடவில்லை என்று நினைக்கிறேன். அங்கே வாலி வதைப் படலம் வரும்போது தங்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். மறைந்து நின்று எய்த அம்பில் இராமனின் பெயரைக் கண்ட வாலி, ‘வில் அறம் துறந்த வீரன்’ என்று எண்ணி நகைக்கிறான். பிறகு அவன் அடுக்கும் கேள்விகளை எந்தப் பகுத்தறிவு மேடையிலும் அப்படியே பேசலாம். அவற்றின் கூர்மையைக் கம்பர் சிறிதும் மழுக்கவில்லை. கடவுள் மறுப்பாளரான வாசகர் அந்தப் பாடல்களைப் படித்து மகிழ்ந்து, அதோடு புத்தகத்தை மூடிவிட விரும்புவது இயல்பு. கவிதையை மட்டும் எடுத்துக்கொள்வது என்பதற்கு நடைமுறையில் பொருள் இதுதான்: நமக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்வது.

கம்பர் அங்கே நிறுத்தவில்லை. வாலியின் மனம் மாறுகிறது. எதிரே நிற்பவனைப் பரம்பொருளாகக் கண்டு வணங்குகிறான். அதன் பின்னர்தான் இராமனிடம் அந்த வேண்டுகோளை வைக்கிறான்: என் தம்பி மது அருந்தி மதி மயங்கிய வேளையில் ஏதேனும் தீங்கு செய்தாலும், என் மேல் ஏவிய இந்த அம்பை அவன் மேல் ஏவிவிடாதே. தன்னைக் கொல்ல வழி செய்த தம்பிக்காக, சாகும் தறுவாயில் ஒருவன் கேட்கும் வரம் இது. இதில் கடவுளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எந்தச் சமயமும் இல்லாத ஒருவரும் நெஞ்சம் நெகிழ்ந்து போகக்கூடிய இடம். ஆயினும் வாலியின் சரணாகதியை நீக்கிவிட்டால் இந்த வேண்டுகோள் எங்கிருந்து பிறந்தது என்பதே விளங்காமற் போகும்; பகையை அவன் எந்தக் கணத்தில், எதன் பொருட்டுக் கைவிட்டான் என்று தெரியாமல் அந்தப் பெருந்தன்மை மட்டும் அந்தரத்தில் தொங்கும். அன்னம் இங்கே எதை ஒதுக்கி எதை உண்ணும்?

எனவே நம்பிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டுப் படிக்க வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள் என்பதே என் விடை. ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. சரணாகதி என்று ஒரு வைணவர் எதைச் சொல்கிறார், அது அவருக்கு ஏன் தோல்வியாகத் தோன்றுவதில்லை என்று விசாரித்து அறியச் சொல்கிறேன்.

இதை நம்மிடம் செய்துகாட்டியவர் உ.வே.சாமிநாதையர். அவர் சைவ மடமான திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த 1880ஆம் ஆண்டிலேயே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் படித்திருந்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் பற்றிக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவிய கதை எல்லோருக்கும் தெரிந்ததே. சைவருக்கு அந்த நூல் எப்படிப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சோழ மன்னன் சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்ததைக் கண்டு பொறாமல், அந்தச் சமணக் கதையிலிருந்து அவனை மீட்கவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவ மரபு சொல்லும் வரலாறு. சேக்கிழார் எதிர்த்ததாகச் சொல்லப்படும் அதே நூலைத்தான் திருவாவடுதுறை மாணவர் கையில் எடுத்தார்.

எடுத்தவருக்குப் புரியவில்லை. தமிழில் குறை இருந்ததால் அன்று, சமணம் தெரியாததால்தான் புரியவில்லை. கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அவர் அந்தக் காவியத்தின் பூட்டைத் திறந்தார். தமக்கு இலக்கியமாக இருந்த நூல் அவர்களுக்குப் பாராயண நூலாக இருந்ததை அங்கே கண்டார். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது. அந்த நச்சினார்க்கினியரைப் பற்றியும் இதே போன்ற செவிவழிச் செய்தி ஒன்று உண்டு: சைவரான அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லை என்றும், பின்னர் சித்தாமூர்ச் சமண மடத்தில் தங்கி அவர்களுடைய நூல்களைக் கற்றுவந்து மீண்டும் எழுதினார் என்றும் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, அப்படிச் சொல்லிவைத்தவர்களுக்கு வாசிப்பு என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. ஐயர் மணிமேகலையிலும் இதே வழியையே பின்பற்றினார். கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியாரின் துணையோடு பௌத்தத்தைப் பயின்ற பிறகே 1898இல் அதை வெளியிட்டார். இத்தனைக்குப் பிறகும் அவர் நெற்றியில் திருநீறு இருந்தது.

சிந்தாமணியைச் சமணம் அறியாமல் சுவைக்க முயன்றால் என்ன கிடைக்கும்? சீவகன் எண்மரை மணப்பதால் ‘மணநூல்’ என்று பெயர் பெற்ற காவியத்தின் சிருங்காரம் கிடைக்கும். அத்தனை இன்பத்தையும் கடைசியில் அவன் துறக்கிறானே, அந்தத் துறவுக்காகவே முந்திய இலம்பகங்களில் இன்பம் அவ்வளவு விரிவாகப் பாடப்பட்டதோ என்ற ஐயம் எழவே எழாது.

தங்கள் தந்தையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1943இல் அண்ணா, சென்னையில் ரா.பி.சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும் நடத்திய வாதங்கள் ‘தீ பரவட்டும்’ என்ற நூலாக இன்றும் கிடைக்கின்றன. வகுப்பில் கம்பரைப் படித்துவரும் இந்த நாட்களிலேயே அதையும் எடுத்துப் படியுங்கள். கம்பரைப் படிக்காதவர்களின் கோபம் அன்று அது. கவிதையின் ஆற்றலை உணர்ந்தவர்களுக்குத்தான், அந்த ஆற்றல் எதற்குப் பயன்படுகிறது என்ற அச்சம் எழும். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் கம்பருக்குச் சிலை எழுந்தது அதே அண்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில்தான். அதை முரண்பாடு என்று கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாகூரில் பிறந்த இஸ்லாமியரும், சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவருமான மு.மு.இஸ்மாயில், வாலியின் வினாக்களை எடுத்துக்கொண்டு ‘மூன்று வினாக்கள்’ என்று தனி நூலே எழுதினார். தங்கள் வகுப்பு அந்தப் படலத்தை எட்டும் முன் அதையும் தேடிப் பிடித்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் கிறித்தவக் குடும்பம். கல்லூரியில் படிக்கும் என் மகள் திருவாசகத்தை விரும்பிப் படிக்கிறாள். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தடுப்பதா, விடுவதா?

– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: பெரியவர்களிடம் ஜி.யூ.போப்பின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கிறித்தவக் குருவாகவே வாழ்ந்த அவர், திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல், தம் 80ஆம் வயதில், வெளியிட்டார். அதனால் அவருடைய விசுவாசம் கரைந்துபோய்விடவில்லை.

ஆனாலும் பெரியவர்களின் அச்சத்தை முழுவதும் வீண் என்று நான் தள்ளமாட்டேன். நூல்கள் மனத்தை மாற்றுவதுண்டு. மாற்றாது என்று உறுதியளித்துத் திருவாசகத்தை ஒரு பெண்ணின் கையில் கொடுப்பது மாணிக்கவாசகரை அவமதிப்பதாகும். மறுபக்கம், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக இருந்து விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலேயே பங்குகொண்டார். சைவராகவே இருந்ததோடு, அங்கே பெற்ற விவிலிய அறிவைக் கொண்டே பின்னர் பாதிரிமாருக்கு மறுப்பும் எழுதினார். (அவர் விவிலியத்தைச் சுவைத்தாரா என்பது வேறு கேள்வி.) எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் ஆகாது. மகளோடு தாங்களும் உட்கார்ந்து படிக்கலாம். அவள் எந்த வரியில் நின்றுவிடுகிறாள் என்றாவது தெரியும்.

கேள்வி: திருக்குறளை நாள்தோறும் படிப்பவள் நான். ‘தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்’ என்ற குறள் வந்தால் மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன். இது சரியா?

– வங்கி அலுவலர், ஈரோடு

பதில்: புரட்டாதீர்கள். வேறு பொருள் தோன்றும்படி அந்தக் குறளை வளைத்துத் தரும் புத்துரைகளிடமும் அடைக்கலம் புகாதீர்கள். அது பக்கத்தைப் புரட்டுவதன் கௌரவமான வடிவம், அவ்வளவே. குறள் சொல்வதைச் சொன்னபடியே படித்து, ஓரத்தில் பென்சிலால் ‘உடன்பாடில்லை’ என்று எழுதிவையுங்கள். புலால் மறுத்தல் அதிகாரத்தின் ஓரத்தில் நான் இப்படி எழுதி 30 ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் எதிர்ப்பட்டால் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது; இருந்தாலும் படித்துவிடுகிறேன்.