அப்பாகூட பேச்சுவார்த்தை நின்னு போச்சு

கேள்வி: அக்கா, அப்பா ரிட்டயர் ஆகி ரெண்டு வருசம் ஆச்சு. காலையில பசியாற உக்காந்ததுல இருந்து ராத்திரி தூங்கற வரைக்கும் ஹேண்ட்போன்ல அமெரிக்கா கன்சர்வேட்டிவ் (வலதுசாரி) நியூஸ்தான். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னா "நீ பாக்கற மீடியா எல்லாம் பொய்"னு கத்தறாரு. ஒரு வாரமா பேசறதே இல்ல. வைஃபைய கட் பண்ணிடலாமா?
மகள், பட்டர்வொர்த்

பதில்: வைஃபைய கட் பண்ணாதம்மா. அவரு நேரா மாமாக் கடைக்குப் போயி ஒரு தே தாரிக் சொல்லிட்டு அங்க உக்காந்து பாப்பாரு, கூட நாலு கூட்டாளியும் சேந்துக்குவாங்க, அப்புறம் உன் பாடு இன்னும் திண்டாட்டம்.

நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி, அப்பா சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. 1998 ஜனவரியில அமெரிக்க அதிபர் கிளின்டனுக்கும் லெவின்ஸ்கிங்கற பொண்ணுக்கும் இருந்த தொடர்ப நியூஸ்வீக் பத்திரிகை கையில வச்சிக்கிட்டு போடாம நிறுத்தி வச்சிருந்தப்ப, மேட் ட்ரட்ஜ்னு ஒரு தனி ஆளு அவரோட சைட்ல போட்டு உடைச்சாரு. அது உண்மைதான். பெரிய பத்திரிகைக்காரன் மறைப்பான், நம்ம ஆளுதான் சொல்வான்ங்கற நம்பிக்கை அதுக்கப்புறம் நல்லா வேர் புடிச்சிருச்சு.

ஆனா கதை அங்க முடியல. அந்த ட்ரட்ஜ்கிட்ட வேல பாத்தவருதான் ஆண்ட்ரூ பிரைட்பார்ட் (2005ல எதிர்ப்பக்கத்து நியூஸ் சைட் ஹஃபிங்டன் போஸ்ட் ஆரம்பிக்கவும் கை குடுத்தவரு, அத சொன்னா உங்கப்பா நம்பவே மாட்டாரு). 2010 ஜூலையில இவரு ஒரு சின்ன கிளிப் போட்டாரு. ஷெர்லி ஷெராட்னு அமெரிக்க அரசாங்க விவசாயத் துறையில வேல பாத்த ஒரு கறுப்பின அம்மா, ஒரு வெள்ளைக்கார விவசாயிக்கு முழு மனசா உதவி பண்ணலன்னு மேடையில பேசற மாதிரி. அன்னைக்கே அந்தம்மாவ ராஜினாமா பண்ண வச்சிட்டாங்க. அப்புறம் முழு வீடியோ வந்துச்சு பாரு, அந்தம்மா சொன்னது அப்படியே தலைகீழ்: முதல்ல தயங்கினேன், அப்புறம் அவருக்காக ஓடியாடி உதவினேன், கஷ்டப்படறவன் எந்த நிறமா இருந்தாலும் ஒன்னுதான்னு கத்துக்கிட்டேன்னு! அந்த விவசாயி குடும்பமே அவங்க பக்கம் நின்னுச்சு, மந்திரி மன்னிப்பு கேட்டாரு. கிளிப்புல அந்தம்மா பேசினது எல்லாம் அவங்க நெசமா பேசினதுதான், வெட்டின இடம்தான் பொய்.

இத நீ சொன்னா அப்பாவுக்கு ஏறாது, நீ எதிர்க்கட்சி. அவரு பக்கத்து ஆளுங்களே சொன்னத எடுத்துக் காட்டு. பென் ஷப்பிரோ 2016 மார்ச்சுல, அந்த பிரைட்பார்ட் ஆரம்பிச்ச பிரைட்பார்ட் நியூஸ் சைட்ட விட்டு வெளிய வந்தது, சொந்த நிருபருக்கே கம்பெனி துணை நிக்கலன்னுதான். ஸ்டீபன் ஹேய்ஸ், ஜோனா கோல்ட்பெர்க் ரெண்டு பேரும் ஊறின கன்சர்வேட்டிவ், 2021 நவம்பர்ல ஃபாக்ஸ் நியூஸ் டிவில இருந்து விலகினாங்க, அந்த வருசம் ஜனவரி 6 அமெரிக்க பார்லிமென்ட்ல நடந்த கலவரத்தப் பத்தி அங்க இருந்த டக்கர் கார்ல்சன் எடுத்த நிகழ்ச்சிய பொறுக்க முடியாம. 2023ல அதே ஃபாக்ஸ், 2020 தேர்தல்ல மெசின வச்சு மோசடி நடந்துச்சுன்னு ஒளிபரப்பினதுக்காக ஓட்டு மெசின் கம்பெனி டொமினியனுக்கு 78 கோடியே 75 லட்சம் டாலர் கட்டி கேஸ முடிச்சுது. பொய் சொல்லாதவன் அவ்ளோ காச சும்மா தூக்கிக் குடுப்பானான்னு அவரையே கேளு, மெதுவா கேளு.

அதனால "இது வலதுசாரி குப்பைப்பா"ன்னு இனிமே ஆரம்பிக்காத. எந்தப் பக்கம் சாயறான்ங்கறது ஒன்னு, நேர்ல போயி பாத்து எழுதினானாங்கறது வேற. பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு கிளிப்ப எடுத்து முழு வீடியோவ ரெண்டு பேருமா தேடுங்க. பதிலுக்கு நீ ஷேர் பண்றதுலயும் ஒன்ன அவரு செக் பண்ணட்டும். அங்க நீ மாட்டுவ, நானே மாட்டியிருக்கேன், குடும்ப வாட்ஸ்அப்ல ஒரு தடவ அசிங்கமாப் போச்சு.

ஆனா அதெல்லாம் அடுத்த வாரம் வச்சிக்கலாம். நாளைக்கு காலையில நியூஸ் எதுவும் வேணாம், "பசியாறிட்டீங்களாப்பா"ன்னு மட்டும் கேளு.