லினக்ஸுக்கு மாறலாமா? வேலூர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்குப் பிறகு வரும் கடிதங்களில் பாதி, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் பற்றித்தான்.

என் லேப்டாப் 2014-இல் வாங்கியது. ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். எடைக்குப் போட்டுவிடலாமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, சத்துவாச்சாரி*

வேண்டாம் அம்மா. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது. உங்களுடையதில் அவை இல்லை, அவ்வளவுதான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு அதில் நன்றாகவே ஓடும். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள், வேகம் கண்கூடாகத் தெரியும். பிரிக்கும்போதே ஃபேனில் அடைந்த தூசியையும் எடுக்கச் சொல்லுங்கள். நம்மூர் மே மாத வெயிலுக்கு அது ரொம்ப முக்கியம். முதலில் பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது நிறுவாமலே, ஓட்டிப் பார்த்து வைஃபை, ஸ்பீக்கர், கேமரா மூன்றும் வேலை செய்தால் அப்புறம் நிறுவுங்கள். நிறுவும் முன் பேக்கப்.

அண்ணா, எந்த லினக்ஸ் பெஸ்ட்? சீக்கிரம் சொல்லுங்க.
*கல்லூரி மாணவர், காட்பாடி*

தம்பி, ராம் எவ்வளவு, எந்த வருஷத்து லேப்டாப், என்ன வேலைக்கு என்று ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பொதுவாகச் சொன்னால் உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பு) அல்லது மின்ட். இரண்டுக்கும் ஐந்து வருஷம் அப்டேட் வரும். விண்டோஸும் கூடவே வேண்டுமென்றால் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீயை முதலில் எழுதி வையுங்கள், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணையுங்கள், பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதியை) விண்டோஸுக்குள்ளிருந்தே சுருக்குங்கள். பேக்கப் எடுக்காமல் டிஸ்கில் கை வைக்காதீர்கள்.

டேலி கணக்கு மென்பொருள் லினக்ஸில் ஓடுமா?
*லுங்கி மொத்த வியாபாரி, குடியாத்தம்*

நம்பி இறங்காதீர்கள். வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியாக ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். ஜிஎஸ்டி கடைசித் தேதியில் அது நின்றுபோனால் அவர் வரமாட்டார். கணக்குக் கணினி விண்டோஸிலேயே இருக்கட்டும், ஒரிஜினல் லைசென்ஸோடு.

ஆன்டிவைரஸ் எது போடலாம்?
*ஆம்பூர்*

லினக்ஸ் போட்ட வீட்டுக் கணினிக்குத் தேவையில்லை. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், எங்கோ பார்த்த கட்டளையைப் புரியாமல் சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு ஓட்டாதீர்கள்.

இருபது வருஷமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். லினக்ஸ் போட்டதும் பழைய தமிழ் ஃபைல் எல்லாம் கண்டபடி ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. லினக்ஸுக்குத் தமிழ் தெரியாதா?
*வாலாஜாபேட்டை*

லினக்ஸுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் ஐயா. உங்கள் ஃபைலில்தான் தமிழ் இல்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் பாமினி எழுத்துரு தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடுகிறது. விண்டோஸிலும் இதேதான் நடக்கும்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் உலகத் தரமான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழக அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. இன்னும் கல்யாணப் பத்திரிகை முதல் சங்க ஆண்டறிக்கை வரை பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. எங்கள் தெருக் கோயிலின் திருப்பணிக் கணக்கு, நன்கொடையாளர் பெயரோடு, 2004-இல் அடித்து சிடியில் வைத்தது. எந்த எழுத்துரு என்று அடித்தவருக்கே நினைவில்லை. ஃபைல் திறக்கிறது, ஒரு பெயரைக்கூட வாசிக்க முடியவில்லை. கொடுத்தவர்களில் பலர் இன்று இல்லை.

சரி, உங்கள் வழிக்கு வருகிறேன். அவசரத்துக்கு, பழைய எழுத்துருக் கோப்புகளை லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளுங்கள், வேர்டு ஃபைல்கள் இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரேஆபீஸில் தமிழாகவே தெரியும். பேஜ்மேக்கர் ஃபைல்களையும் ஓரளவு திறக்கும், வடிவம் கொஞ்சம் கலையும். அதோடு நிறுத்திவிடாமல் முக்கியமானவற்றை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்குங்கள். எந்த எழுத்துருவிலிருந்து என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றியபின் ஒற்றுக்களையும் கிரந்த எழுத்துகளையும் கண்ணால் சரிபாருங்கள். மூல ஃபைலை அழிக்காதீர்கள், அதற்கும் பேக்கப். இனி அடிப்பதெல்லாம் யூனிகோடிலேயே இருக்கட்டும். லினக்ஸின் தட்டச்சுக் கருவியான ஐபஸ்ஸில் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் டைப்ரைட்டர் வரிசையும் தமிழ்99 விசை வரிசையும் கிடைக்கும், உங்கள் விரல் பழக்கம் மாற வேண்டியதில்லை.

பிரிண்டர் வேலை செய்யுமா?
*ராணிப்பேட்டை*

எந்த பிரிண்டர்? ஹெச்பி என்றால் பெரும்பாலும் ஹெச்பிலிப் என்ற டிரைவர் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கேனானின் பழைய எல்பிபி 2900 போன்றவை படுத்தும். மாடல் எண்ணைப் பார்க்காமல் மாறாதீர்கள்.

லினக்ஸ் நிறுவினேன். டி டிரைவில் இருந்த குழந்தையின் போட்டோ எல்லாம் போய்விட்டது. உடனே உதவுங்கள்.
*தொரப்பாடி*

லேப்டாப்பை இப்போதே அணையுங்கள். அந்த டிஸ்கில் இனி எதுவும் எழுதக் கூடாது. பென்டிரைவிலிருந்து லைவ் லினக்ஸ் ஏற்றி டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியை ஓட்டுங்கள், பழைய பார்ட்டிஷன் கிடைக்காவிட்டால் படங்களைத் தேடி மீட்கும் ஃபோட்டோரெக். மீட்ட படங்களை வேறொரு வெளி டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் என்றால் நிறையவே தேறலாம், எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு குறைவு. முழு டிஸ்கையும் அழிக்கட்டுமா என்று திரை கேட்டிருக்கும், படிக்காமல் அழுத்தியிருக்கிறீர்கள். பேக்கப் என்று நான் ஒவ்வொரு முறையும் எழுதுவது இதற்காகத்தான். தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் அணைத்தபடியே தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள், நிறுவிய பிறகு எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.