அந்த அம்மாள் ஏன் எழுதிக்கொடுத்தாள்?

கேள்வி: லோக்கல் ரயிலில் ஒரு சரித்திர நாவல் படித்து வந்தேன். ஒரு அத்தியாயம் 1942 தஞ்சாவூர், அடுத்தது இன்றைய மும்பை. விதவையான கொள்ளுப்பாட்டி, வீட்டில் தன் பங்கைக் கொழுந்தனுக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறாள். கொள்ளுப்பேத்தி இன்று அந்தப் பத்திரத்தைக் கிளறுகிறாள். சண்டை போடாமல் கொடுத்தாளே என்று எரிச்சலாகி மூடிவிட்டேன். பழைய கதையைத் தாண்டிவிட்டுப் படிக்கலாமா?
- வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: தாண்டாதீர்கள். நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

1942-இல் அவள் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். 1937-இல் வந்த சட்டப்படி கணவனின் பங்கு விதவைக்கு வரும், பாகம் பிரித்துத் தரும்படி கேட்கவும் செய்யலாம். ஆனால் ஆயுள் வரை அனுபவிக்க மட்டும்தான். தக்க அவசியமில்லாமல் விற்க முடியாது, உயில் எழுத முடியாது. அதிலும் ஒரு வெட்டு விழுந்தது: மாகாணங்களில் விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று 1941-இல் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் நிலத்தையும் சேர்த்தது 1947-இல்தான். ஆக, வீட்டில் பங்கு உண்டு, வயலில் ஜீவனாம்சம்தான். தஞ்சாவூரில் வயல் இல்லாமல் வெறும் வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? நெல் கொழுந்தன் களத்திலிருந்துதான் வரவேண்டும். பத்திரம் எழுதும் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். வருஷத்துக்கு இத்தனை கலம் நெல் என்று எங்காவது ஒரு வரி வருகிறதா? வந்தால், ஆசிரியர் விஷயம் தெரிந்தவர்.

இன்னொன்று. அந்தப் பங்கை அவள் 1956 வரை விடாமல் வைத்திருந்தால், அந்த வருஷம் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அவளை முழு உரிமைக்காரியாக ஆக்கியிருக்கும். இது உங்களுக்கும் கொள்ளுப்பேத்திக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. இரண்டு காலத்தையும் மாற்றி மாற்றிச் சொல்வதே இந்த வலிக்காகத்தான்.

கொள்ளுப்பேத்தி கோர்ட்டுக்குப் போய் வீட்டை மீட்பாள் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அதே வாரிசுரிமைச் சட்டத்தில் மகள்களுக்குச் சம உரிமை தந்த 2005 திருத்தம், 2004 டிசம்பர் 20-க்கு முன் கைமாறிய சொத்தைத் தொடாது. அந்தத் திருத்தத்தைக் காட்டி ஆசிரியர் அவளை ஜெயிக்க வைத்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து திட்டலாம்.

அப்புறம், பைகுளா ஸ்டேஷன் நெரிசலில் அத்தியாயத்தை நடுவில் நிறுத்தினால் காலம் குழம்பத்தான் செய்யும். பழைய அத்தியாயங்களை வீட்டில் படியுங்கள். நம் குடும்பங்களில் பாட்டி பெயரையே பேத்திக்கு வைப்பார்கள், பாதித் தலைவலி அதனால்தான். முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு வம்சாவளி போட்டுக்கொள்ளுங்கள். லைப்ரரிப் புத்தகமென்றால் தனித்தாளில்.