டெல்லிக்கு இரண்டு கோடை: கூலரா, ஏசியா?

கேள்வி: மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் தலைக்கு மேல் மொட்டை மாடிதான். இரவு பதினொரு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாருக்கு 74 வயது. “செங்கல் சூளைக்குள்ள படுத்த மாதிரி இருக்கும்மா” என்கிறார். மாதம் 170 யூனிட் ஓடுகிறது, மானியத்தில் பில் பூஜ்யம். கடைக்காரர் தவணையில் ஒன்றரை டன் ஏசி எடுக்கச் சொல்கிறார். வீட்டுக்காரர் கூலரே போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது மே மாதத்தில். அதனால் இப்போதைக்கு வீட்டுக்காரர் சொல்வது சரி. ஜூலையில் கடைக்காரர் சொல்வது சரியாகிவிடும். டெல்லிக்கு இரண்டு கோடை உண்டு, அம்மா. ஏப்ரலிலிருந்து மழை வரும்வரை லூ என்ற அனல் காற்று வீசுகிற காய்ந்த கோடை. அதற்குப் பிறகு செப்டம்பர் வரை உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் புழுக்கம். கூலர் முதலாவதுக்குத்தான் உதவும்.

கூலரில் ஈரமான திரை வழியாகக் காற்று போகிறது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள சூட்டை எடுத்துக்கொள்கிறது. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு ஆவியாகும். வெளியே 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் நல்ல கூலரிலிருந்து 28 டிகிரி அளவில் காற்று வரும். அதே கூலரை ஜூலையில் 34 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஓட்டினால் 31 டிகிரிக்குக் கீழே போகாது. அதோடு அறையில் ஈரமும் ஏறும், வேர்வை காயாது. சென்னையிலும் மும்பையிலும் கூலர் வாங்கியவர்கள் ஏமாந்து போவது இதனால்தான்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 200 வாட் கூலர் இரவில் பத்து மணி நேரம் ஓடினால் 2 யூனிட், மாதத்துக்கு 60. உங்கள் 170-உடன் சேர்த்தால் 230 ஆகும். டெல்லியில் 200 யூனிட் வரை பில் இல்லை. 201 முதல் 400 வரை பாதி மானியம், அதிகபட்சம் 800 ரூபாய். 400-ஐத் தாண்டினால் அந்த மாதம் மானியமே கிடையாது, முழுப் பில்லும் உங்கள் தலையில். உச்சி மாடியில் ஒன்றரை டன் ஏசி, ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டராகவே இருந்தாலும், எட்டு மணி நேரத்துக்கு 7, 8 யூனிட் இழுக்கும். மாதத்தில் 400-ஐத் தொட்டுவிடுவீர்கள். தவணை விவரத்தை மட்டும் சொல்கிற கடைக்காரர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்.

கூலர் வாங்கினால் ஜன்னலுக்கு வெளியே, பால்கனியில் ஸ்டாண்டு போட்டு வையுங்கள். அறைக்குள் வைத்துக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் படுப்பதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. அரை மணியில் அறையே ஈரமாகி, அதற்குப் பிறகு கூலர் வெறும் ஃபேன்தான். எதிர்ப்பக்கத்து ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். அங்கே செய்தித்தாள் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். அது வெளிப்பக்கமாகப் பறந்தால் காற்று ஓட்டம் சரி.

உள்ளே வைக்கும் மரச்சீவல் திரையை ஒவ்வொரு கோடையிலும் மாற்றுங்கள், விலை குறைவுதான். தேன்கூடு மாதிரியான அட்டைத் திரை சில வருடம் உழைக்கும். இங்கே கஸ் திரை என்று விற்பது நம் வெட்டிவேர்தான். மாமனாருக்கு அந்த வாசனை நிச்சயம் பிடிக்கும். டேங்கில் ஐஸ் கொட்டச் சொல்வார்கள், அதற்குச் செலவழிக்காதீர்கள். ஒரு கிலோ ஐஸ் தருவதைவிடக் கால் லிட்டர் தண்ணீர் ஆவியானாலே அதிகக் குளிர்ச்சி கிடைக்கும்.

இரும்பு பாடி கூலர் என்றால் எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது. கூலர் ஷாக் அடித்து உயிர் போன செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. மூன்று பின் பிளக், வேலை செய்யும் எர்த், மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

அந்த மொட்டை மாடியையும் சும்மா விடாதீர்கள். பகலெல்லாம் காங்கிரீட் குடித்த வெயில்தான் நள்ளிரவு வரை உங்கள் அறைக்குள் இறங்குகிறது. வீட்டுக்காரரிடம் கேட்டு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள், செலவில் பாதியைத் தருவதாகச் சொன்னாலும் நஷ்டமில்லை.

மாமனார் மழைக்காலம் வரை இங்கேயே இருப்பார் என்றால் அவர் அறைக்கு மட்டும் ஒரு ஏசி அவசியம் என்பேன். 2024 ஜூனில் டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் ஓர் இரவு வெப்பநிலை 35.2 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. 74 வயது உடம்பை அப்படிப்பட்ட இரவுகளில் சோதிக்கக் கூடாது. பில்லை விட அவர் முக்கியம். சின்ன அறைக்கு ஒரு டன் போதும், ஆனால் உச்சி மாடியாயிற்றே என்று கடைக்காரர் ஒன்றரையைத் தள்ளுவார். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தபின் முடிவெடுங்கள். முத்திரையில் நட்சத்திரத்தோடு வருட யூனிட்டும் அச்சாகியிருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு, இரண்டு மாடலை ஒப்பிட அதைப் பாருங்கள். வாங்குமுன் மீட்டரின் அனுமதித்த லோடு, அதாவது இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை, எத்தனை கிலோவாட் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்.கே. புரத்தில் இருக்கிறேன். ஆன்லைனில் “மினி ஏசி, அறை முழுதும் சில்லென்று ஆகும்” என்ற விளம்பரத்தைப் பார்த்து 2,499 ரூபாய்க்கு வாங்கினேன். தண்ணீர் ஊற்றுகிற ஒரு சின்ன டப்பா வந்தது. அறை கொஞ்சமும் குளிரவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: ஏசி என்றால் உள்ளே கம்ப்ரெசர் இருக்கும், அறையின் சூட்டை வெளியே தள்ள ஒரு வழியும் இருக்கும். வெளியே போகும் குழாயோ பெட்டியோ இல்லாதது ஏசி ஆகாது, தம்பி. உங்களிடம் வந்தது கையளவு கூலர். இல்லாத குணத்தைச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம்.

விளம்பரப் பக்கம் மறையும் முன் அதைப் படம் பிடித்து வையுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். பெரும்பாலான சின்னத் தொகைகள் இந்தக் கட்டத்திலேயே திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் டெல்லியிலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: கரோல் பாக்கில் எங்கள் கூலரில் கொசுப் புழு இருப்பதாக மாநகராட்சி ஆள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். தினமும் புதுத் தண்ணீர்தானே ஊற்றுகிறோம்?

பதில்: ஊற்றுகிறீர்கள், காலி செய்வதில்லை. டெங்கு கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டேங்கின் சுவரில் முட்டையை ஒட்டவைக்கிறது. காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை, ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் மறக்காது, தண்ணீரை முழுக்க இறக்கி, சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, வெயிலில் காயவிட்டுப் பிறகு நிரப்புங்கள். மழை பிடித்ததும் துடைத்துக் காயவைத்துக் கவிழ்த்துவிடுங்கள். புழுக்கத்தில் அதனால் பயனும் இல்லை.

கேள்வி: குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் இரட்டை விலை சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இரவு முழுக்க ஓடும் ஃபேனை மட்டும் மாற்றுங்கள். பழையது 75 வாட் என்றால் இது 30. தினம் 12 மணி நேரத்துக்கு மாதம் 16 யூனிட் மிச்சம். 200 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு அது பெரிய தொகை. எப்போதோ ஓடும் கூடத்து ஃபேன் பழையதாகவே இருக்கட்டும்.