சென்னையில் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர் பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கலாமா, ஹைபிரிட் காம்பாக்ட் எஸ்யூவி வாங்கலாமா?

எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் நடந்த பஞ்சாயத்து இதுதான். ஒரு பக்கம் ஸ்விஃப்ட் ஏஎம்டி, அதாவது கிளட்ச் மிதிக்காமல் கியர் தானே மாறும் பெட்ரோல் ஹேட்ச்பேக். இன்னொரு பக்கம் டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட், பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் எஸ்யூவி. (கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டும் அதே ஆள்தான், சட்டை மட்டும் வேறு. இரண்டிலும் ஓடுவது ஒரே 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின்.) கடைசியில் நான் ஸ்விஃப்ட் எடுத்தேன், அத்தான் ஹைரைடர் எடுத்தார். இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்துத் தெரு என்பதால் சாவியை மாற்றிக்கொள்வது சகஜம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டிருப்பது பார்க்க ஒரு கேள்வி, உண்மையில் இரண்டு. சின்ன வண்டியா பெரிய வண்டியா என்பது ஒன்று. பெட்ரோலா ஹைபிரிட்டா என்பது இன்னொன்று. ஷோரூமில் இரண்டையும் சேர்த்துப் பிசைந்து, "மைலேஜ்லயே காசு திரும்ப வந்துடும் சார்" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அன்று ராத்திரியே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

என் ஓட்டமும் உங்களுடையது மாதிரிதான். சேலையூரிலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர், தினம் போய் வர. மாதம் 700 கிலோமீட்டர் அதிலேயே போய்விடும். மீதி 300 நெடுஞ்சாலை, அதாவது எப்போதாவது கோவில்பட்டிக்குப் போவதைச் சராசரியாகப் பிரித்துப் போட்டது. டேங்க் நிரப்பி நிரப்பிப் பார்த்ததில் ஸ்விஃப்ட் நகரத்துக்குள் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிறது. ஹைபிரிட் 23. நிறுவனம் சொல்லும் 27.97-ஐ அத்தான் இதுவரை பார்த்ததில்லை, ஆனால் மேடவாக்கம் நெரிசலில் 23 என்பதே பெரிய விஷயம். நெடுஞ்சாலையில் 100-ல் போனால் இரண்டுமே 20 பக்கம் வந்து நின்றுவிடுகின்றன. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைச் சேமித்து வைத்துக்கொள்வதில்தான் ஹைபிரிட்டின் சாமர்த்தியம் இருக்கிறது. பிரேக்கே பிடிக்காத இடத்தில் அதற்கு வேலை குறைவு.

பெட்ரோலை லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் எனக்கு 50 லிட்டர், ஹைபிரிட்டுக்கு 30. மாதம் 2,000 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 24,000.

இப்போது விலை. ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் மாறியபோது நீளம் நான்கு மீட்டருக்குள், இன்ஜின் 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் வண்டிக்கு வரி 18 சதவீதமாக இறங்கியது. ஹைரைடர் நான்கு மீட்டரைத் தாண்டியது, இன்ஜினும் பெரிது. ஹைபிரிட் என்றாலும் 40 சதவீதம்தான். ஏறக்குறைய எட்டு லட்சத்துக்கு ஒன்று, பதினேழு லட்சத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 13 சதவீதம், பத்து முதல் இருபது லட்சத்துக்கு 18 சதவீதம். எட்டு லட்சத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் வரி. பதினேழு லட்சத்துக்கு மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. உத்தரப்பிரதேசத்தில் 2024-ல் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு (ஹைரைடர் மாதிரி, மோட்டாரை மட்டும் வைத்தும் நகரக்கூடியது) பதிவு வரியைத் தள்ளுபடி செய்தார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதாவது, இரண்டு வண்டிக்கும் உள்ள சாலை வரி வித்தியாசம் மட்டுமே இரண்டு லட்சம். வருடம் 24,000 மிச்சம் பிடித்து இந்த வரியை மீட்கவே எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். வண்டி விலையில் உள்ள ஒன்பது லட்சத்தை எப்போது மீட்பது? பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஆனால் அத்தான் ஏமாந்துவிட்டார் என்று அர்த்தமில்லை. அவருக்கு எஸ்யூவிதான் வேண்டும் என்பது முன்பே முடிவான விஷயம். வீட்டில் ஐந்து பேர், இரண்டு பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர் பார்த்த கணக்கு, அதே அளவு பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எஸ்யூவியா, ஹைபிரிட்டா என்பது. பெட்ரோல் எஸ்யூவி சென்னை நெரிசலில் 10, 11 கொடுத்தாலே கும்பிட வேண்டும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சுமாராக இரண்டு லட்சம். என் அளவுக்கு ஓட்டினால் நான்கைந்து வருடத்தில் அது திரும்பிவிடும். அவர் என்னைவிட இரண்டு மடங்கு ஓட்டுகிறார், எல்லாம் ஊருக்குள்ளேயே. இரண்டு வருடத்துக்குள்ளேயே எடுத்துவிடுவார்.

ஓட்டுகிற சுகத்தில் ஹைபிரிட்டை என்னால் குறை சொல்ல முடியாது. மேடவாக்கம் சந்திப்பில் நாலு சிக்னல் மாறியும் நகராத ஒரு சாயங்காலம், அத்தான் வண்டியில் இருந்தேன். இன்ஜின் அணைந்து கிடக்கிறது, ஏசி மட்டும் ஜில்லென்று ஓடுகிறது. கம்ப்ரெசர் மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜினை எழுப்ப வேண்டியதில்லை. பக்கத்து ஆட்டோக்காரர் போனில் பேசுவதுகூடக் கேட்கிறது. முன்னால் இருப்பவர் நகர்ந்தால் சத்தமில்லாமல் ஊர்ந்து போகும், பேட்டரி இறங்கினால்தான் இன்ஜின் எழுந்திருக்கும். கிளட்ச் இல்லை, கியர் மாறுகிற உலுக்கல் இல்லை. ஏஎம்டியில், எந்த நிறுவனத்து ஏஎம்டியாக இருந்தாலும், முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது தலை ஒரு ஆட்டம் ஆடும். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

மலைப்பாதை வேறு கதை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறி இறங்கினோம். ஹைபிரிட்டில் இருக்கும் பேட்டரி ரொம்பச் சின்னது, ஒரு யூனிட்டுக்கும் குறைவு, 0.76 கிலோவாட் அவர்தான். இறக்கத்தில் கொஞ்ச தூரத்திலேயே நிரம்பிவிடுகிறது. அப்புறம் வண்டியைப் பிடித்து நிறுத்த இன்ஜின் கத்திக்கொண்டு சுற்றும். முதல் தடவை ஏதோ கெட்டுப்போச்சு என்று பயந்துவிட்டேன். அது கோளாறு இல்லை, அதன் குணமே அப்படித்தான். இறக்கத்தில் கியர் லிவரை பி மோடில் (இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும் நிலை) போட்டுவிட்டால் நமக்கும் நிம்மதி, பிரேக்குக்கும் நிம்மதி. அந்தப் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது, அதனால் "பேட்டரி போனா என்ன பண்ணுவ?" என்று பயமுறுத்தும் சொந்தக்காரர்களை விட்டுத்தள்ளுங்கள்.

பின்பக்க டிக்கியை (ஷோரூமில் பூட் என்பார்கள்) திறந்து பார்க்காமல் மட்டும் முன்பணம் கட்டாதீர்கள். வெளியே பார்க்க அவ்வளவு பெரிய வண்டி, பின்னால் பேட்டரி உட்கார்ந்திருப்பதால் தளம் மேடாகிவிடுகிறது. கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டின் பூட் 265 லிட்டர். என் ஸ்விஃப்ட்டின் பூட்டும் 265 லிட்டர்! பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது இரண்டு சூட்கேஸ், 25 கிலோ அரிசி மூட்டை, ஒரு சாக்குத் தேங்காய், கடலை மிட்டாய் டின். சூட்கேஸை நிமிர்த்தி வைக்க முடியவில்லை. தேங்காய்ச் சாக்கு பின்சீட்டில் அக்கா பையன் காலடியில் சென்னை வரைக்கும் வந்தது.

இன்னொரு எச்சரிக்கை. "ஸ்மார்ட் ஹைபிரிட்" என்று எழுதியிருப்பது வேறு சரக்கு. அது மைல்ட் ஹைபிரிட். இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், மோட்டாரை மட்டும் வைத்து வண்டியை நகர்த்தாது. நான் மேலே சொன்ன 23 அதில் வராது. விற்பவர்கள் இரண்டையும் ஹைபிரிட் என்றே சொல்வார்கள், "ஸ்ட்ராங் ஹைபிரிட்தானே?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

சரி, இவ்வளவு கணக்குப் போட்ட நான் ஒன்றைக் கோட்டை விட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. டெஸ்ட் டிரைவுக்கு அவரை அழைத்துப் போகவில்லை. வண்டி வீட்டுக்கு வந்த அன்று ஏறி உட்கார்ந்தவர், "கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி இருக்குடா" என்றார். இறங்கும்போது மேல் கைப்பிடியை ஒரு கை, என் தோளை ஒரு கை. அத்தான் வண்டியில் அந்தப் பிரச்சினையே இல்லை, இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கிறது, பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அத்தான் சாவிதான்.

உங்கள் வீட்டில் முட்டிவலிக்காரர் யாரும் இல்லை, நான்கு பேருக்கு மேல் ஏற மாட்டீர்கள் என்றால் ஹேட்ச்பேக் எடுங்கள், மிச்சப் பணத்தை வங்கியில் போடுங்கள். எஸ்யூவி வேண்டும் என்பது உறுதி, ஓட்டமும் பெரும்பாலும் ஊருக்குள்தான் என்றால் ஹைபிரிட்டே சரி. ஷோரூமுக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரையும், நிஜமாகவே ஊருக்கு எடுத்துப் போகும் சூட்கேஸ் ஒன்றையும் கூடக் கொண்டுபோங்கள். சூட்கேஸோடு உள்ளே நுழைந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.